தவிடு போன வழி
செட்டிநாட்டுச் சோற்றுப்பானை – 17

நெற்குப்பை என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் லேசாகச் சிரிப்பார்கள். "குப்பையா?" என்று கேட்காதவர்கள் குறைவு. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். களத்தில் அடித்துப் போட்ட நெல்லும் குப்பைதான், உப்பளத்தில் குவித்த உப்பும் குப்பைதான். கழிவு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கண்மாய்த் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிற சீமையில், நெல் குவிந்த இடம் என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் பெருமையாகத்தான் வைத்திருப்பார்கள். ஊர் ஊராகப் போய் எழுதிய சோமலெ பிறந்த ஊரும் இதுதான்.

அந்தக் குவியலிலிருந்து வெளியேறிப் போன ஒரு பொருளைப் பற்றி இந்த வாரம். தவிடு.

சென்ற வாரம் கவுனி அரிசியோடு நிறுத்தியிருந்தேன். பர்மாவிலிருந்து வந்த அரிசிகளில் தோல் உரியாமல் நம் வீட்டுக்குள் நுழைந்தது அது ஒன்றுதான். கருஞ்சிவப்பு நிறமே அந்தத் தோலில்தான் இருக்கிறது. தீட்டினால் கவுனி கவுனியாக இருக்காது. அதனால் தப்பித்தது. ஆனால் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் சீனியும் தேங்காயும் போட்டுத் தின்றதோடு சரி. அன்றாடச் சோற்றுக்கு வந்த அரிசி கதை வேறு.

நெல் அவிப்பதைப் பார்த்த கடைசித் தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நெல்லை ஊறப் போட்டு, விடியலில் அண்டாவில் ஏற்றி, மணி வெடித்து லேசாக வாய் திறக்கும் வரை அவிப்பார்கள். பிறகு முற்றத்தில் பரப்பி, காலால் கோடு கோடாகத் துழாவி உலர்த்துவார்கள். அந்தப் புழுங்கல் வாசம் தெருமுனை வரை வரும். உலர்ந்ததை உரலில் குத்தி, சுளகில் புடைத்தால் உமி பறக்கும், தவிடு தனியே விழும். தவிடு மாட்டுத் தொட்டிக்கு, குருணை கோழிக்கு.

அண்டாவுக்குள் என்ன நடக்கிறது என்பது அவித்தவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நெல்லின் தோலிலும் முளையிலும் இருக்கிற பி1 என்ற வைட்டமின் தண்ணீரில் கரையும். ஊறி அவியும்போது அது மணியின் உள்ளே இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். பச்சரிசியில் அப்படி இல்லை. உலக்கை குத்தில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருக்கும்வரை பரவாயில்லை. எந்திரம் தீட்டினால் எல்லாம் போய்விடும்.

இந்த வித்தியாசத்துக்கு உயிர் விலை உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட இடங்களில் ஒன்று, நம்மவர்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன மலாயா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆளை அள்ளிக்கொண்டு போனது. முதலில் கால் மரத்துப் போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். பக்கத்திலேயே ரயில் பாதைகளிலும் தோட்டங்களிலும் உழைத்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. வெயிலும் மழையும் கொசுவும் இருவருக்கும் ஒன்றுதான். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் சோற்றுத் தட்டைப் பார்த்தார். சீனர் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர் சாப்பிட்டது புழுங்கல். வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்று முடிவு கட்டி 1907-இல் புத்தகமே எழுதினார். காரணம் தப்பு. சுட்டிய விரல் மட்டும் சரியான இடத்தில் இருந்தது.

பிராடன் சொன்னதை நம்பாத ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். வில்லியம் ஃப்ளெட்சர். அரிசிக்கும் பெரிபெரிக்கும் சம்பந்தமில்லை என்று காட்டிவிடலாம் என்றுதான் 1905-இல் மனநோயாளிகள் விடுதியில் சோதனையைத் தொடங்கினார். அங்கிருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, மறுபாதிக்குப் புழுங்கலரிசி. இடையில் இரு கூட்டத்தாரையும் கட்டிடம் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டிடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு போனது. பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் இறக்கவில்லை. தன் நம்பிக்கைக்கு எதிரான முடிவை ஃப்ளெட்சர் மறைக்காமல் 1907-இல் அச்சிட்டார். சம்மதமோ மறுப்போ சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்களை வைத்துச் செய்த சோதனை என்பதை நினைத்தால் மனம் கூசுகிறது. இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது. பல்லாயிரம் பேர் பிழைக்க வழி காட்டியதும் அதுவேதான்.

அங்கே நம்மவர்கள் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கியில் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் சேர்ந்து உண்ட சோற்றைப் பற்றி நம் வீடுகளில் எத்தனையோ கதைகள் உண்டு. சமையல்காரர் கைமணம், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, வட்டிக் கணக்கு. அந்தப் புழுங்கலரிசி உயிர் காத்தது என்ற கதையை மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பர்மாவின் ஐராவதி டெல்டாவைக் காடு திருத்தி நெல்வயலாக்கக் கடன் கொடுத்தது பெரும்பாலும் நகரத்தார் செட்டியார்களின் பணம். 1930-களின் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அந்த நெல்லைத் தீட்டியவை ரங்கூனின் ஆவி எந்திர ஆலைகள். ஆசியா முழுவதும் வெள்ளை அரிசியைக் கொண்டு சேர்த்த வியாபாரத்தில் செட்டிநாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊரில் ஆச்சி அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தார், ரங்கூனில் பெட்டியடியில் வெள்ளை அரிசிக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

பெரிபெரி ஆராய்ச்சி நம் பக்கத்திலும் நடந்தது. குன்னூருக்கு வருவோம். 1918-இல் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் அதைத் தொடங்கினார் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன். 1923-இல் சிக்கனம் என்ற பெயரில் அரசு அந்தக் கூடத்தை மூடியது, இரண்டு வருஷம் கழித்துத் திரும்பத் திறந்தது. மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் சாப்பாட்டையும் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலி சராசரி 235 கிராம் இருந்தது. மதராஸிச் சாப்பாட்டில் வளர்ந்தது 155. சோறு, குழம்பு, கொஞ்சம் காய், மோர் என்றால் மோர், இல்லையென்றால் அதுவும் இல்லை. நாம் வரிசையில் கடைசி. புழுங்கல் நம்மைப் பெரிபெரியிலிருந்து காப்பாற்றியது உண்மை. மற்ற சத்துகளுக்கு அது பொறுப்பேற்கவில்லை. குன்னூர்க் கூடம்தான் பின்னால் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

பி1 வைட்டமினை மாத்திரையாக்கிய மனிதருக்கும் நம் பக்கத்தோடு ஒரு தொப்புள்கொடி உண்டு. ராபர்ட் வில்லியம்ஸ் 1886-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். வாலிபத்தில் மணிலாவில் அரசு வேதியியலராக இருந்தபோது, எட்வர்ட் வெடர் என்ற ராணுவ மருத்துவர் தவிட்டுச் சாற்றுக் குப்பி ஒன்றை அவரிடம் கொடுத்தார். பெரிபெரியில் கிடந்த கைக்குழந்தை வாயில் அந்தச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சில மணி நேரத்தில் குழந்தை தெளிந்தது. அந்தச் சாற்றுக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. பின்னர் அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே, மிச்ச நேரத்தில் டன் கணக்கான தவிட்டோடு போராடினார். 1936-இல் பி1-ஐச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். காப்புரிமையில் வந்த பணத்தின் பெரும்பகுதி ஊட்டச்சத்துக் குறை நோய்களை எதிர்க்கும் நிதிக்குப் போனது. மாத்திரை என்றாலே கம்பெனிக்காரன் சூழ்ச்சி என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

நம் ஊர்ப்பக்கம் ரைஸ் மில் வந்த பிறகு உலக்கை ஓய்ந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். உலக்கை பிடித்துக் காய்ப்பேறிய கைகள் எல்லாம் பெண்களின் கைகள். மில் வேண்டாம், கைக்குத்தலே வேண்டும் என்று காந்தியவாதி ஜே.சி. குமரப்பா வாழ்நாளெல்லாம் சொன்னார். சத்துக் கணக்கில் அவர் சொன்னது சரி. குத்துகிறவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு சுலபமான தீர்ப்பு இல்லை. எப்படியோ, தவிடு வீட்டைவிட்டுப் போனது. முதலில் மாட்டுத் தொட்டிக்கு, பிறகு எண்ணெய் ஆலைக்கு. இன்று அதே தவிட்டு எண்ணெயைப் பாக்கெட்டில் வாங்கி வருகிறோம்.

பி1 கதை இத்தோடு. இனி இன்னொரு சத்துக்குறை, மாலைக்கண். பொழுது சாய்ந்தால் குழந்தை வாசற்படியில் தடுக்கும், தட்டில் கை வைக்கத் தெரியாமல் துழாவும். வைட்டமின் ஏ குறைவின் முதல் அடையாளம் அது. கவனிக்காமல் விட்டால் கருவிழி வெந்து பார்வை போய்விடும். ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடு, முருங்கைக்கீரை கொடு என்று பாட்டிமார் சொன்னது பழுதில்லாத வைத்தியம். ஈரல் வாங்கக் காசு வேண்டும், கீரையின் சத்து உடம்பில் ஒட்ட எண்ணெய் வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டில்தான் மாலைக்கண்ணும் இருந்தது.

1970-இல் மத்திய அரசு இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ எண்ணெய் ஒன்று. கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை மற்றது. இரண்டுக்கும் பின்னால் ஹைதராபாத் நிறுவனத்தின் ஆராய்ச்சி இருந்தது. அன்று அதன் இயக்குநர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன்.

திட்டம் காகிதத்திலிருந்து வாசலுக்கு வருவதுதான் எப்போதும் பாடு. அதற்கு ஒரு நல்ல முயற்சி நம் பக்கத்திலேயே நடந்தது. உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் முதலில் கால் வைத்த இடம் கொட்டாம்பட்டி ஒன்றியம். சிங்கம்புணரியிலிருந்து கூப்பிடு தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மதுரை, இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களுக்குப் பரவியது. சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் பிறந்தது. அதுவரை நெற்குப்பையும் இராமநாதபுரம் மாவட்டமே. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மாதம் ஒருமுறை தராசில் தூக்கி எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை, ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். கூடவே வைட்டமின் ஏ, பூச்சி மருந்து. ஊர்ப் பெண்ணையே பணியாளாகப் போட்டதால், எந்த வீட்டுப் பிள்ளை இளைத்திருக்கிறது என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. இந்தச் சின்ன ஏற்பாடு எத்தனையோ பெரிய திட்டங்களுக்கு இல்லாமல் போனது.

வடக்கே திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லைலா ரஹ்மதுல்லாவும் குழுவும் 15,419 குழந்தைகளை ஒரு வருஷம் பின்தொடர்ந்தார்கள். எல்லா வீட்டுக்கும் வாரம் ஒருமுறை ஆள் போனார். பாதிப் பேருக்குக் கொடுத்த சொட்டில் சிறு அளவு வைட்டமின் ஏ இருந்தது, மீதிப் பேருக்கு இல்லை. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு மற்றவர்களில் பாதிக்கும் குறைவு. 1990-இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

அதே ஆண்டு ஹைதராபாத் பக்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுத்துப் பார்த்த ஆய்வில் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. பின்னால் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வந்தபோது அதிலும் பெரிய பலன் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பெரிய அளவு ஊற்றாதீர்கள், சாப்பாட்டைப் பாருங்கள் என்று கோபாலனே கடைசிவரை வாதாடினார். அவர் பேச்சை ஒதுக்க முடியாது. வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், மிஞ்சினால் விஷம். ஆனால் இந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: குறை எங்கே இருக்கிறதோ அங்கே, தேவையான அளவில் கொடுத்தால் பிள்ளை பிழைக்கிறது. 'சாப்பாடா மாத்திரையா' என்ற பட்டிமன்றம் சாப்பாடு கிடைக்கிறவர்கள் நடத்துவது.

இன்றைய நிலவரத்தைப் பார்ப்போம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம். மதிய உணவையும் சத்துணவையும் நாட்டுக்குக் காட்டிய மாநிலத்தின் கணக்கு இது. மாத்திரை இல்லாமல் இல்லை. வளரிளம் பருவப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை, கர்ப்பிணிக்கு 180 நாளைக்குச் சிவப்பு மாத்திரை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் நெய்யும் வைத்த பெட்டகம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை மொத்தமாக வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

அப்புறம் ஏன் 53.4? மாத்திரை தின்றால் மலம் கறுக்கும், வயிறு கட்டும், சிலருக்குக் குமட்டும். இது சாதாரணம், பயப்பட வேண்டாம் என்று கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மாத்திரை அட்டை முழுதும் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கும். காபி குடித்த வாயோடு போட்டால் பாதி இரும்பு ஒட்டாது, எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாக ஒட்டும். இதையும் சொல்ல ஆள் வேண்டும். இன்னொன்று, கர்ப்பம் வந்தால்தான் பெண்ணின் ரத்தம் யார் கண்ணிலாவது படுகிறது. நாற்பது வயதில் கட்டிட வேலைக்குப் போகிறவளுக்கு யார் மாத்திரை கொடுக்கிறார்கள்? அவளாகப் போய்க் கேட்டால் உண்டு. போக அரைநாள் கூலி போகும்.

செட்டிநாட்டில் இந்த இடைவெளியை ஒரே வீட்டுக்குள் பார்க்கலாம். பெரிய வீட்டில் ஆத்தா தனியாக இருப்பார். சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிள்ளைகள் வரும்போதெல்லாம் கொண்டுவந்த சத்து மாத்திரை டப்பாக்கள் இரும்பு அலமாரியில் வரிசையாக நிற்கும். பாதி, காலாவதியானவை. அந்த வளவைப் பெருக்க வருகிற அம்மாவின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும்.

ஒரு யோசனை சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' நடக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தப் பையில் இருக்கிற மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 குறையும் என்பது மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சைவம் மட்டும் சாப்பிடுகிற வயதானவர் என்றால் குறைவு இன்னும் சீக்கிரம் வரும். கால் மரப்பும் மறதியும் வந்தால் 'சர்க்கரை, வயசு' என்று தள்ளிவிடுகிறோம். அதே பையில் பி12-ம் இரும்பும் வரட்டும், யாருக்கு எது வேண்டும் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். புதுத் திட்டம் வேண்டாம், வாசலுக்கு வருகிற கால் ஏற்கெனவே இருக்கிறது.

ரேஷன் அரிசியையும் சொல்லாமல் விடக்கூடாது. நூறு மணிக்கு ஒரு மணி வீதம், அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து அரிசி மாதிரியே அச்சில் வார்த்துக் கலக்கிறார்கள். நம் மாநிலத்தில் திருச்சி மாவட்டத்தில் முதலில் பார்த்துவிட்டு, பிறகு எங்கும் கொண்டுவந்தார்கள். 'பிளாஸ்டிக் அரிசி' என்று சுளகில் போட்டு ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எறிகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நிறம் கொஞ்சம் வேறு, தண்ணீரில் மிதக்கும், சந்தேகம் வருவது இயல்புதான். கடையில் ஒரு தாள் ஒட்டி, எடை போடுகிறவர் ஒரு வரி விளக்கியிருந்தால் வந்திருக்காது. பி1 அந்த மணியில் கட்டாயம் இல்லை என்பது வேடிக்கை. இந்தக் கதையின் நாயகனையே விட்டுவிட்டார்கள். அது வேண்டுமென்றால் புழுங்கலே வாங்குங்கள், நாலு தடவை களையாதீர்கள், வடித்த கஞ்சியைக் கழனித் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஆத்தாவுக்கு டப்பா வாங்கி வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். வாசல் தெளிக்க வருகிற அம்மாவிடம், இரும்புச்சத்து மாத்திரை வாங்கினீர்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் அன்றைய கூலியைக் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். அங்கே அதற்குக் காசு வாங்குவதில்லை.

(தொடரும்)